கடலோடிகளுக்கு வழி காட்டிய மலை

வாசகர்களே, வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை வரை எங்கள் கம்போங் ராஜா சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிவரும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகும். ஸ்ட்ராபெரி வாங்குவோரும், தேயிலைச் சரிவில் நின்று படம் பிடிப்போருமாக ஊரே திருவிழாக் கோலம் பூணும். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவைக்காரர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு எழுதிய நாளிலிருந்து எங்கள் மலைக்கு வந்து போவோருக்குக் குறைவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சார், இவ்வளவு பேர் நம்ம மலையைப் பார்க்க வர்றாங்களே. நாம எந்த மலையைப் பார்க்கப் போயிருக்கோம்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி சிரிக்கவில்லை. முதல் நாள் மாலை திடலில் விளையாடும்போது ஏதோ வாய்ச்சண்டை. "நீங்கள் எல்லாரும் நேற்றுக் கப்பலில் வந்தவர்கள்தானே" என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். "அது உண்மையா சார்? அதுக்கு முன்னாடி நம்மவங்க யாரும் இங்கே வந்ததே இல்லையா?" என்று கேட்டாள்.

இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே விடை எனக்குத் தோன்றியது. அந்த விடை வடக்கே, கெடா மாநிலத்தில் நிற்கிறது. அதன் பெயர் குனோங் ஜெராய். வெள்ளைக்காரர்கள் 'கெடா சிகரம்' என்று அழைத்த மலை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் ஒத்துழைத்தார்கள். பேருந்து ஏற்பாடாயிற்று. நாற்பது பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம்.

தனித்து நிற்கும் மலை

உயரத்தைக் கேட்டால் நீங்கள் வியக்கமாட்டீர்கள். ஜெராய் ஏறத்தாழ 1,200 மீட்டர்தான். எங்கள் பிரிஞ்சாங் மலையோ 2,000 மீட்டரைத் தாண்டும். ஆனால் பிரிஞ்சாங் மலைகளுக்கு நடுவே ஒரு மலை. கூட்டத்தில் நிற்கும் ஆளைப் போல. ஜெராய் அப்படியன்று. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கங்களில் நெல்வயலும் பால்மரக் காடும் செம்பனையும். அந்தச் சமவெளியிலிருந்து அது ஒற்றையாய் எழும்பி நிற்கிறது. தெளிந்த நாளில் பினாங்குத் தீவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும்.

முற்காலத்தில் கடல் இன்னும் உள்ளே வந்திருந்தது என்றும், மலையின் அடிவாரத்தை அலைகள் தொட்டன என்றும் ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். ஜெராய் ஒரு காலத்தில் தீவாக இருந்தது என்ற கதை அந்தப் பக்கத்து மலாய் மக்களிடையேயும் வழங்கி வருகிறது.

வங்கக் கடலைக் கடந்து வரும் பாய்மரக் கப்பலை எண்ணிப் பாருங்கள். பல நாள் நீரைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. பிறகு ஒரு காலையில், கிழக்கு வானத்தின் ஓரத்தில் நீலமாய் ஒரு முக்கோணம் தெரியும். மாலுமி பெருமூச்சு விடுவான். கரை வந்துவிட்டது! இன்றைக்குக் கலங்கரை விளக்கம் செய்யும் வேலையை அன்றைக்கு அந்த மலை செய்தது.

இன்னொரு காரணமும் உண்டு; அதுதான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கப்பலைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். திரும்பிப் போக வேண்டுமானால் வடகிழக்குப் பருவக்காற்று எழும்வரை காத்திருக்க வேண்டும். வந்தவுடனே சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப முடியாது. மாதக் கணக்கில் தங்க வேண்டும். தங்கினால் உணவு வேண்டும், உறைவிடம் வேண்டும், கும்பிடக் கோயிலும் வேண்டும். ஜெராய் அடிவாரத்தில், மெர்போக் ஆற்றையும் மூடா ஆற்றையும் ஒட்டி, அப்படித்தான் துறைமுகங்கள் வளர்ந்தன. அந்தப் பகுதியைத்தான் இன்று பூஜாங் பள்ளத்தாக்கு என்கிறோம்.

பெயர் தெரிந்த முதல் விருந்தாளி

அங்கே வந்து போனவர்கள் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். அவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த மிகப் பழையவர்களுள் ஒருவர் அரசருமல்லர், முனிவருமல்லர். அவர் ஒரு கப்பல் தலைவர். பெயர் புத்தகுப்தர்.

1834ஆம் ஆண்டில் காப்டன் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி, அன்று புரோவின்ஸ் வெல்லஸ்லி எனப்பட்ட இன்றைய செபராங் பிறையில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அதில் ஒரு பௌத்தத் தூபியின் உருவமும் சமஸ்கிருத எழுத்துகளும் இருந்தன. 'செம்மண் நாடு' என்று பொருள்படும் ரக்தமிருத்திகை என்ற ஊரைச் சேர்ந்த மாநாவிகர் புத்தகுப்தரின் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஊர் வங்காளத்தில் இருந்தது என்பர். கல்லின் காலம் ஏறத்தாழ கி.பி. 5ஆம் நூற்றாண்டு. பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்பதே அவருடைய வேண்டுதல்.

பேருந்தில் நான் இதைச் சொன்னபோது, "நம்ம டிரைவர் அண்ணன் புறப்படும்போது எலுமிச்சம்பழம் வெச்சாரே, அது மாதிரியா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். அதே மாதிரிதான்!

நம் தமிழ் நூல்களிலும் சான்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடந்த பண்டங்களை வரிசைப்படுத்தும் பட்டினப்பாலை, காழகத்திலிருந்து வந்த பொருள்களையும் சேர்த்துச் சொல்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகம் என்பதற்குக் கடாரம் என்று பொருள் எழுதினார். கடாரம் என்பது கெடாவே என்பது அறிஞர் பலரின் கருத்து.

இரண்டு விரல் இரும்புக்குப் பத்துத் தேங்காய்

அடுத்த விருந்தாளி சீனத்திலிருந்து வந்தவர். ஈ-சிங் என்ற பௌத்தத் துறவி. கி.பி. 671இல் குவாங்சௌவில் கப்பலேறி, சுமத்திரா வழியாகக் கெடா வந்தார். அங்கே காற்றுக்குக் காத்திருந்து, மறு ஆண்டின் இறுதி மாதத்தில் இந்தியாவை நோக்கிப் பாய் விரித்தார். இந்தியாவில் பல ஆண்டு பயின்று, ஏறத்தாழ நானூறு சமஸ்கிருத நூல்களோடு திரும்பும்போதும் 685ஆம் ஆண்டளவில் அவருக்குக் கெடாவே தங்குமிடம்.

அவர் எழுதிவைத்த ஒரு சிறு செய்தி என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கெடாவிலிருந்து வடக்கே பத்து நாளுக்கு மேல் போனால் ஒரு தீவு வரும். அது நிக்கோபார் என்று கருதுகிறார்கள். கப்பலைக் கண்டதும் தீவு மக்கள் சிறு படகுகளில் தேங்காயும் வாழைப்பழமும் ஏற்றிக்கொண்டு ஓடி வருவார்களாம். அவர்கள் கேட்டது பொன் அன்று, துணியும் அன்று; இரும்பு! இரண்டு விரல் அளவு இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் தருவார்களாம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சுங்கை பத்துவுக்கு வாருங்கள். 2007ஆம் ஆண்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே செம்பனைத் தோட்டத்து மேடுகளில் பழைய எச்சங்களைக் கண்டார்கள். 2009 முதல் தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலைகளின் தடயம், மலைமலையாய் இரும்புக் கசடு, உலைக்குள் காற்று ஊதப் பயன்பட்ட களிமண் குழாய்கள், செங்கல் பாவிய படகுத்துறை, சடங்குக்குரிய ஒரு வட்டமான செங்கல் மேடை எல்லாம் வெளிப்பட்டன. கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே அங்கே தொழில் நடந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதற்கும் முந்தியது என்போரும் உண்டு. அதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது.

ஈ-சிங் கண்ட இரும்பு இந்த உலையில் உருகியதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று விளங்குகிறது. வந்தவர்கள் வெறுங்காட்டுக்கு வரவில்லை. உலை மூட்டத் தெரிந்த, துறை கட்டத் தெரிந்த மக்கள் ஏற்கெனவே இங்கே வாழ்ந்தார்கள். விருந்தாளி என்று ஒருவர் வந்தால், வாசலில் வீட்டுக்காரர் இருந்திருப்பார் அன்றோ?

வாளோடு வந்தவர்கள்

நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட மன்னர் மாரவிஜயோத்துங்கவர்மர், தம் தந்தை சூடாமணிவர்மரின் பெயரால் எழுப்பியது அது. அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே முதலாம் இராஜராஜ சோழர் ஒதுக்கிக் கொடுத்தார். லைடன் செப்பேடுகள் என்று வழங்கும் பட்டயம் இதைச் சொல்கிறது. அங்கிருந்து இங்கே வந்தது மட்டுமன்று. இங்கிருந்து அங்கேயும் போயிருக்கிறார்கள். சைவ மன்னர் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்திருக்கிறார்.

அந்த நட்பு ஒரு தலைமுறைதான் நீடித்தது. 1025ஆம் ஆண்டளவில் இராஜராஜரின் மகன் இராஜேந்திரர் கப்பற்படையை அனுப்பினார். ஸ்ரீவிஜயம் முதல் கடாரம் வரை பல ஊர்கள் தாக்கப்பட்டன. மன்னர் சங்கிராம விஜயோத்துங்கவர்மரும் அவருடைய யானைகளும் பிடிபட்டதாகக் கல்வெட்டு கூறுகிறது. 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம் அப்படி வந்ததே.

இந்த இடத்தில் என் மாணவர்கள் கைதட்டினார்கள். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு, "அந்தக் கரையில் அன்று நம் வயதுப் பிள்ளைகளும் இருந்திருப்பார்களே, அவர்களும் கைதட்டியிருப்பார்களா?" என்று கேட்டேன். பேருந்து அமைதியாகிவிட்டது.

வாசகர்களே, மேடைகளில் கடாரம் கொண்ட கதையை நாம் மார்தட்டிப் பேசுகிறோம். சோழர் படை வந்தது ஒரு முறை, இரண்டு முறை. 1068ஆம் ஆண்டளவில் வீரராஜேந்திரரும் கடாரத்தை வென்று, அதன் மன்னரிடமே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. ஆனால் வணிகரும் மாலுமியும் கொத்தனாரும் நூற்றாண்டுக் கணக்கில் வந்தார்கள், தங்கினார்கள், கொடுத்து வாங்கினார்கள். பெருமை கொள்ள வேண்டுமானால் அவர்களைப் பற்றிக் கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

மண்வெட்டியோடு வந்தவர்கள்

14ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு துறைமுகம் ஓய்ந்தது. ஆற்று முகங்களில் மண் படிந்தது. 1400ஆம் ஆண்டளவில் மலாக்கா எழுந்தது. கோயில்களைக் காடு மூடியது.

மறுபடி அவற்றைத் தேடி வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். முன்னே சொன்ன ஜேம்ஸ் லோ 1840களில் இங்குள்ள எச்சங்களைப் பற்றி எழுதினார். 1920களில் எவன்ஸ் என்ற அரும்பொருளக அறிஞர் ஜெராய் உச்சியிலேயே இருந்த செங்கல் கட்டுமானங்களை ஆராய்ந்தார். 1936, 37ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் அடிவாரத்தில் கூடாரமடித்து, முப்பது இடங்களைக் கண்டறிந்து எண்ணிட்டார்கள். அந்த எண்களே இன்றும் வழக்கில் இருக்கின்றன. பழங்கோயில்களை மலாய் மொழியில் 'சண்டி' என்பார்கள். அவர்களின் எட்டாம் எண்தான் புக்கிட் பத்து பஹாட் சண்டி. அதை 1960ஆம் ஆண்டளவில் அலஸ்டேர் லாம்ப் என்ற ஆய்வாளர் மீண்டும் எடுத்துக் கட்டினார்.

நாங்கள் பார்த்தது அந்தக் கோயிலைத்தான். பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகம் 1980இல் அதன் அருகே திறக்கப்பட்டது. பாறைகளின் மேல் தவழ்ந்து வரும் ஓடை. அதற்குப் பக்கத்தில் செதுக்கிய கல்லால் ஆன கோயில். கருவறையும் முன்மண்டபமும் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிட்டன. கூரை இல்லை; மரத்தூண்கள் நின்ற கல்லாதாரங்கள் மட்டும் வரிசையாய் இருக்கின்றன. மரம் மக்கிப் போயிற்று; கல் மிஞ்சியது. "சார், இது நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயில் அளவுதான் இருக்கு" என்றான் ஒருவன். ஆம், அவ்வளவுதான். தஞ்சைப் பெரிய கோயிலைப் போல் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஊரைவிட்டு வந்து காற்றுக்குக் காத்திருந்தவர்கள் கும்பிட்ட கோயில் அவ்வளவுதான் இருக்கும்.

அடுப்புக் கல்

இனி என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி வந்தவர். 1926 முதல் 1973 வரை நம்மவர்களை ஏற்றி இறக்கிய அந்தக் கப்பலை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். சூடாமணி விகாரம் இருந்த அதே துறைமுகம்! பினாங்கில் இறங்கி, கங்காணியின் பின்னால் நடந்து, ஜெராய் அடிவாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். "மலை தொப்பி போட்டா மழை, வெட்டுக்குப் போகாதே" என்பார். என் அப்பா தலைமுறையில்தான் நாங்கள் தேயிலைக்கு மாறி மேட்டுக்கு வந்தோம்.

தாத்தா இன்னொன்றும் சொல்வார். லயத்துக்குப் பின்னால் ஒரு மேட்டில் பழைய செங்கற்கள் கிடந்தனவாம். அகலமாய், கனமாய், கடைச் செங்கல் போல இல்லாமல் இருக்குமாம். லயத்து மக்கள் எடுத்துவந்து அடுப்புக் கட்டினார்கள், வாசலில் பாவினார்கள், துணி துவைக்கப் போட்டார்கள். "நல்ல கல்லுடா, வெடிக்கவே வெடிக்காது" என்று பெருமையாகச் சொல்வார்.

அரும்பொருளகக் கண்ணாடிக்குப் பின்னால் அதே அகலமான செங்கல்லைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்த மேடு எந்த மேடு, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லத் தாத்தாவும் இல்லை, தோட்டமும் இல்லை.

2013ஆம் ஆண்டு டிசம்பரில் நாடே அதிர்ந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். வேல்ஸ் எண்ணிட்ட 11ஆம் சண்டி, வீடமைப்பு வேலைக்காக இயந்திரத்தால் தரைமட்டமாக்கப்பட்டது தெரியவந்தது. தனியார் நிலம், காப்பு இடமாக அரசிதழில் பதிவு செய்யப்படாதது. ஆயிரம் ஆண்டு மழைக்குத் தாங்கி நின்றது ஒரு பகலில் போயிற்று. நாமெல்லாம் கோபப்பட்டோம், கோபப்பட்டது நியாயம்தான். ஆனால் அடுப்புக் கல்லை நினைக்கும்போது என் கோபம் கொஞ்சம் தலைகுனிகிறது. இயந்திரம் ஓட்டியவனுக்கு அது என்னவென்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? என் தாத்தாவுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தெரியாதவன் கையில் கோயிலும் வெறும் கல்தான்.

நாமும் போய் வருவோம்

திரும்பும் வழியில் அந்தச் சிறுமி என் பக்கத்து இருக்கைக்கு வந்தாள். திடலில் கேட்ட பேச்சுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டாள்.

"நாங்கள் நேற்றும் வந்தோம், ஆயிரம் ஆண்டுக்கு முன்னும் வந்தோம். வந்தபோதெல்லாம் இங்கே ஒருவர் வரவேற்க இருந்தார். அந்தக் கோயில் நமக்கும் அவர்களுக்கும் பொது என்று சொல்" என்றேன். "சண்டை போடக் கூடாதா சார்?" என்றாள். "அடுத்த தடவை போகும்போது அவளையும் கூட்டிப் போவோமே" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

அன்பான வாசகர்களே, அடுத்த பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்று எண்ணுகிறீர்களா? சுங்கை பட்டாணியைத் தாண்டி மெர்போக் பக்கம் திருப்புங்கள். வழியில் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் தேவாலயத்துக்குப் போகிறவர்கள், அந்த வளாகத்திலேயே செரோக் தோக் குன் கல்வெட்டுப் பாறை இருப்பதைப் பார்க்கத் தவறாதீர்கள். கோயில் கல்லின் மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். ஒரு சில்லைக்கூட நினைவுக்கென்று எடுத்து வராதீர்கள். உங்கள் பக்கத்தில் எங்கேனும் அகலமான பழஞ்செங்கல் தட்டுப்பட்டால், அடுப்புக்கு எடுக்காமல் மாவட்ட அலுவலகத்துக்கோ அரும்பொருளகத்துக்கோ தெரிவியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் எந்தத் துறையில் ஏறி எந்தத் துறையில் இறங்கினார்கள் என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். நான் கேட்காமல் விட்டது அந்த மேட்டின் பெயர் ஒன்றைத்தான். அது இனி யாரைக் கேட்டாலும் கிடைக்காது.